உடையாத அண்ணனூர்

என் மனைவிக்கு எந்தப் படத்தில் ராட்சத மிருகத்தைக் காட்டினாலும் முதலில் ஜிப்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளைக் கடல் கொந்தளிக்கும். மீன்பிடிப் படகுகள் கவிழும். தண்ணீரைப் பிளந்துகொண்டு முள்முள்ளாக ஒரு முதுகு எழும், பிறகு தலை, பிறகு கண்கள். கரையில் நிற்கிற ஜனம் ஓடக்கூட மறந்து நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருக்கிறவள் நிமிர்ந்து டிவியை ஒரு பார்வை பார்ப்பாள்.

"முதுகுல ஜிப்பு தெரிதுங்க" என்பாள்.

அதோடு கடல் வற்றிவிடும். அதற்கப்புறம் எனக்கும் ஜிப்தான் தெரியும். "கடைசி வரைக்கும் பாரு, தெரியும்" என்று கத்துவேன். அவள் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்துபோவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். அவள் கடைசி வரைக்கும் பார்த்த மிருகப் படம் ஒன்றுகூடக் கிடையாது.

அவளைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. அண்ணனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறாள். தெருவில் பாதிப் பேர் உடம்பில் அவள் தையல்தான் ஓடுகிறது. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரவிக்கைக் கையின் தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அவளுக்கு மிருகமும் ஒன்றுதான், மணப்பெண்ணும் ஒன்றுதான். இரண்டையும் யாரோ தைத்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஆவடியில். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸில் இருந்தோம். மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவார்கள். ஒரு தடவை முன்பக்கம் இடம் கிடைக்காமல் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம், நானும் பக்கத்து பிளாக் பையன் ஒருவனும். இடது வலதாக, வலது இடதாகத் தெரிந்தது. யாருக்கும் புரியாத பாஷையில் படம். திடீரென்று பல்லி மாதிரி ஒன்று, கட்டடங்களைவிட உயரமாக வந்தது. ஒரே மிதியில் ஒரு ரயில் நிலையம் பொடிப்பொடியானது. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று குதித்தேன். பக்கத்திலிருந்தவனும் குதித்தான். அவன் இன்றைக்கு, அம்பத்தூரில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில் வெல்டர். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மாமே. இருவருக்கும் இடையில் உறவு என்று பார்த்தால் அந்தப் பல்லி மட்டும்தான்.

இப்போது வருகிற படங்களைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். கம்ப்யூட்டரில் வரைந்த மிருகம், ஒவ்வொரு செதிலும் பளபளக்கிறது, உள்ளே ஆள் இல்லை. பழைய படங்களில் அந்த ரப்பர் தோலுக்குள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு முட்டி, கண் சரியாகத் தெரியாமல் தட்டுத்தடுமாறி நடக்கிறான். அந்தத் தடுமாற்றம்தான் மிருகத்துக்கு உயிர். பழைய கார்ட்டூன்களும் எனக்கு அப்படித்தான். பூனை பாறையின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் ஓடும், கீழே குனிந்து பார்க்கிற வரைக்கும் விழாது. சுவரில் மோதினால் தோசை மாதிரி தட்டையாகும், பிறகு தன்னைத் தானே உரித்துக்கொண்டு தலையை உதறும். கோடு கோடாக யாரோ கையால் வரைந்தது. வேலைக்குப் போகும்போது பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்க மறந்து, போனில் அந்தப் பூனையைப் பார்த்துக்கொண்டே கொரட்டூர் வரை போய்த் திரும்பியவன் நான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மச்சானும் நானும் பேசுவது இதைத்தான். பெரிய குரங்கும் பெரிய பல்லியும் மோதினால் யார் ஜெயிப்பது, அண்ணனூர் நடைமேம்பாலம் பல்லியின் முழங்கால் வரைக்கும் வருமா இடுப்பு வரைக்கும் வருமா என்று சோறு காய்கிற வரைக்கும் அடித்துக்கொள்வோம். மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படி ஒரு நாள் அடித்துக்கொண்டபோதுதான் மச்சான் சொன்னான், பேசினது போதும், நாமே ஒரு படம் எடுத்துவிடலாம் என்று.

அன்றைக்கு வேலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரயிலில் வரும்போதே கதை முழுக்க வந்துவிட்டது. பருத்திப்பட்டு ஏரிச் சேற்றுக்கு அடியில் ஆதிகாலத்திலிருந்து ஒரு மிருகம் தூங்குகிறது. பூந்தமல்லிப் பக்கம் மெட்ரோவுக்குத் தூண் போடப் பூமியைக் குடைகிறார்கள். அந்தச் சத்தத்தில் தூக்கம் கலைந்து எழுந்துவிடுகிறது. திரும்பவும் படுக்கலாம் என்று ஏரி ஏரியாகப் போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் அடுக்குமாடி. கோபத்தில் அண்ணனூரை மிதித்து நாசம் செய்கிறது. ஸ்டேஷன், ரயில் பெட்டிகள், தண்ணீர்த் தொட்டி, எங்கள் தெரு முனையில் இருக்கிற ஃபிளாட், எல்லாம் காலி.

இந்தப் படத்தில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வெளியில் யாருக்கும் காட்ட வேண்டாம், யாரும் கைதட்ட வேண்டாம். என் மனைவி ஒரே ஒரு தடவை, ஜிப்பை மறந்து, கடைசி வரைக்கும் பார்க்க வேண்டும். நான் எதைப் பார்த்து இத்தனை வருஷமாக இப்படிக் குதிக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மிருகத்தின் தோலைத் தைக்க அவளை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற ரெக்சினும் கம்பெனியில் வீணாய்ப் போன ரப்பர் ஷீட்டும் கொண்டுவந்து கொட்டினேன். வாலுக்கு லாரி டியூப், உள்ளே காட்டன் வேஸ்ட். பல்லுக்குப் பிவிசி பைப்பைச் சீவினேன். மிஷின் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. அவளும் திட்டிக்கொண்டே தைத்தாள். முதுகில் ஜிப் வைக்கும்போது என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஊரைக் கட்டுவது மச்சான் பொறுப்பு. தெர்மாகோலில் செய்யலாம் என்றுதான் முதலில் பேசினோம். செய்து பார்த்தால் கல்யாண மேடை அலங்காரம் மாதிரி இருந்தது. இதை அவள் ஜிப்பைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பாள் என்று தோன்றியது. மெல்லிய இரும்புத் தகட்டில் செய்வது என்று முடிவானது. கட்டடங்கள் இடுப்பு உயரம். ஆனால் மூட்டுகளில் முழு வெல்டிங் வேண்டாம், பொட்டு வைத்த மாதிரி அங்கங்கே ஒரு டாக் மட்டும் அடித்தால் போதும், லேசாக உதைத்தால் பொலபொலவென்று கொட்ட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மச்சானும் தலையாட்டினான்.

படம் எடுக்க ஆயுத பூஜை நாளைக் குறித்தோம். வருஷம் முழுக்க எங்கள் கம்பெனியின் பின்கட்டில் தகடும் இரும்பு ஆங்கிளும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும்தான் எல்லாவற்றையும் ஒதுக்கிப் பெருக்கிக் கழுவி, தரையே கண்ணில் படும். மறுநாள் காலையில் புதுச் சரக்கு லாரி வந்துவிடும். ஆக அந்த ஒரு மத்தியானம்தான் எங்களுக்கு. பூஜை முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியும் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

அன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட்டே கல்யாண வீடாக இருந்தது. எந்தக் கேட்டைப் பார்த்தாலும் வாழைக்கன்று, வண்ணக் காகிதத் தோரணம், ஸ்பீக்கரில் பாட்டு. எங்கள் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தோம். கிரைண்டர், கேஸ் கட்டர், சுத்தியல், ஸ்பானர் என்று கைக்கருவி ஒன்று பாக்கியில்லாமல் சாமி படத்துக்கு முன்னால் பரப்பி, எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். பூஜைக்கு அப்புறம் எந்தக் கருவியையும் கையால் தொடக் கூடாது, மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். போனுக்கும் பொட்டு வைத்தோம், ஆனால் அதை மட்டும் யாரும் சாமியிடம் விட்டுவைக்கவில்லை.

பின்கட்டில் மச்சான் ஊரை விரித்து வைத்திருந்தான். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர், நடைமேடைக் கூரை, மேம்பாலத்தின் படிகள், தண்டவாளத்தில் பச்சைப் பெட்டி ரயில். எங்கள் தெரு ஃபிளாட்டின் பால்கனியில் துணி காயப்போட்டிருந்தான், அதுவும் தகடுதான். நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊருக்கு நடுவில் வைத்தோம். புகை தெருத்தெருவாகப் பரவியது. அப்படி ஒரு பனி எந்தப் பழைய படத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பூஜைக்கு என்னோடு வந்திருந்த மனைவி பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் பொரியோடு உட்கார்ந்தாள். தோலுக்குள் நுழைந்த என் முதுகில் ஜிப்பை இழுத்து மூடினதும் அவள்தான். மச்சான் தரையில் குப்புறப் படுத்துப் போனைத் தாழ்வாகப் பிடித்தான், அப்போதுதான் மிருகம் வானத்துக்கு எழும். தோலுக்குள்ளே ஒரே நாற்றம், ஒட்டுப் போட்ட ரப்பர் சொல்யூஷன் பசை, அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி சூடு. மிருகத்தின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். பல்வரிசைக்கு நடுவில், புகைக்குள், என் ஊர் தெரிந்தது. இந்த ஒரு நடைக்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது, மிகைப்படுத்தவில்லை.

புகையை விலக்கிக்கொண்டு வந்தேன். கையைத் தூக்கி உறுமினேன். காலை ஓங்கி ஸ்டேஷனை உதைத்தேன்.

டங்கென்று ஒரு சத்தம். ஸ்டேஷன் அசையவில்லை. என் கட்டைவிரலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் வலி ஏறியது. சரி, தப்பான இடத்தில் பட்டுவிட்டது என்று தண்ணீர்த் தொட்டியைத் தோளால் முட்டினேன். அது கோயில் கொடிமரம் மாதிரி நின்றது. ரயிலையாவது தூக்கி வீசலாம் என்று குனிந்து இழுத்தேன். வரவில்லை. ரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்து வெல்டிங் செய்து வைத்திருந்தான்.

மிருகத்தின் வாய் வழியாகவே இன்னாடா இது என்று கேட்டேன். மச்சான் போனை இறக்காமலே பதில் சொன்னான்.

"நீ சொன்ன மாரி டாக்குதான் மாமே அட்ச்சேன். தொட்டா ஆடிகினே இருந்திச்சி. மனசு கேக்கல. ஃபுல் வெல்டு போட்டுட்டேன்."

ஆயுசு முழுக்க உடையாத சாமான் செய்து பழகின கை. உடைவதற்கென்று ஒன்றைச் செய்யச் சொன்னால் அதற்குத் தெரியவில்லை. துரு ஏறாமல் இருக்க ரெட் ஆக்சைடு வேறு அடித்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனையே ஊருக்கு நடுவில் வைத்து மிதித்திருப்பேன். கிரைண்டரை எடுத்து மூட்டுகளை அறுத்துவிடு என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், சாமி படத்தையே காலால் உதைக்கச் சொன்ன மாதிரி ஒரு பயம் தெரிந்தது. பூஜை போட்டாகிவிட்டது, நாளைக்குத்தான் தொட வேண்டும் என்றான். கத்தினேனே தவிர, எனக்கு மட்டும் தொடத் துணிச்சல் வந்துவிடுமா என்ன. கிரைண்டர் நெற்றியில் குங்குமத்தோடு சாமிக்கு முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

நாளைக்கு இடம் இல்லை. இந்த ரப்பரும் நாளைக்கு இருக்காது, இப்போதே அக்குளில் பசை விட்டுக்கொண்டிருந்தது. கடைசி வழியாக எனக்கு அந்தப் பூனை ஞாபகம் வந்தது. யோசிக்காமல் ஓடு, கீழே பார்க்காதே. பின்னால் போய், முழு வேகத்தில் ஓடி வந்து, எங்கள் தெரு ஃபிளாட்டின் மேல் உடம்போடு மோதினேன். பூனை தட்டையாகும். நான் தட்டையாகக்கூட ஆகவில்லை, திரும்பி வந்து வால்மேல் உட்கார்ந்தேன். லாரி டியூப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. முதுகில் பர்ரென்று ஏதோ பிளந்தது. அந்த ஊரில் அன்றைக்கு உடைந்தது என் மனைவி வைத்த ஜிப் ஒன்றுதான்.

அதற்குமேல் எழுந்திருக்க முடியவில்லை. கட்டைவிரல் கார்ட்டூனில் வீங்குகிற மாதிரி விண்விண்ணென்று தெறித்தது. ஃபிளாட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டேன். விழாமல் இருக்க ரயிலின் மேல் கையை வைத்திருந்தேன். மூச்சு வாங்கி வாங்கி ஓய்கிற வரைக்கும் அப்படியே கிடந்தேன். புகையும் மெல்ல மெல்ல அடங்கியது. எல்லாம் போச்சு என்பதுதான் எனக்கு மனதில் இருந்தது. வெளியே அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

மச்சானிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினேன். தோலைச் சாக்கில் கட்டி ரயிலேறினோம். சாக்கின் வாயிலிருந்து வால் நீட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர் அது என்ன என்று கேட்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள்தான் ஏதோ நாடகத்துக்கு என்று சொல்லிச் சமாளித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மச்சானிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருந்தது. கீழே, கோச்சிக்காத மாமே என்று போட்டிருந்தான். அழித்துவிடலாம் என்று விரலை வைத்தபோது அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். படமே இல்லை, இதில் பார்க்க ஒன்றும் இல்லை என்றேன். தைத்துக் கொடுத்ததற்காவது பார்க்க வேண்டாமா என்று சொல்லி, டிவியில் போடச் சொன்னாள். கையில் ஊசி இல்லை, துணியும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நானும் வேறு வழியில்லாமல் பார்த்தேன். புகைக்குள்ளிருந்து பெரிதாக ஒன்று வந்தது. ஊர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டேஷன் அதன் பாட்டுக்கு நின்றது, ரயில் அதன் பாட்டுக்கு நின்றது. அது உதைத்தது, வலித்து ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டது. தொட்டியை முட்டியது, திரும்பிப் பார்த்தது. ரயிலை இழுத்தது, வரவில்லை என்றதும் விட்டுவிட்டது. நான் கத்தினது எதுவும் புரியவில்லை, உறுமலாகத்தான் கேட்டது. மச்சானின் குரல் வந்த இடத்தில் பக்கத்துக் கம்பெனி ஸ்பீக்கர் அவனை அமுக்கியிருந்தது. பிறகு அந்த மிருகம் எங்கிருந்தோ ஓடி வந்து மோதியது, பின்னால் விழுந்தது. ஃபிளாட்டின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு, ரயிலின் முதுகைத் தடவிக்கொடுக்கிற மாதிரி கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியது. மச்சான் போனை நிறுத்த மறந்துபோயிருந்தான். அது நீண்டுகொண்டே போனது.

பக்கத்தில் அவள் இன்னும் எழுந்துபோகவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பாவங்க அது" என்றாள். "ஊர்ல இத்தினி ஊடு கீது. அதுக்குப் படுக்க ஒரு எடமில்ல."

திரையில் மிருகம் மெல்லப் புரண்டு, முதுகை முழுசாக எங்கள் பக்கம் காட்டியது. ஜிப் மேலிருந்து கீழ் வரைக்கும் வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே என் ஓட்டை பனியன் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எந்த மிருகத்துக்கும் அப்படி ஒரு ஜிப் தெரிந்ததில்லை. இதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. பொறுக்கமுடியாமல் நானே சொல்லிவிட்டேன்.

"முதுகுல ஜிப்பு தெரிது பாரு."

அவள் திரும்பவே இல்லை. கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"சும்மா இருங்க. அது எயிந்துக்குமா, எயிந்துக்காதா?"

கடைசி வரைக்கும் பாரு, தெரியும் என்றேன்.